அஞ்சு மெஷினும் என் பேர்ல

அந்தப் பையில இருக்கறது லேப்டாப்தானே தம்பி? அப்ப மடியில வச்சுக்கோங்க, மேல வைக்காதீங்க. இந்த பஸ் திருமங்கலம் வரைக்கும் குதிச்சுக்கிட்டேதான் போகும். எதுக்குச் சொல்றேன்னா நானும் கம்ப்யூட்டர் லைன்தான். சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ், அதுல சிஸ்டம் இன்சார்ஜ். பிரஸ் பேரு வேண்டாம். சொன்னா உங்க வீட்டுச் சுவத்துலயே தொங்கிக்கிட்டிருக்கும், அப்புறம் தேதி பாக்கும்போதெல்லாம் என் மூஞ்சி ஞாபகம் வரும்.

என் பேரு கனகவேல். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஹெர்னியா ஆபரேஷன் ஆகி மூணு வாரம் ஆச்சு, தையலைக் காட்டணும். அதெல்லாம் ஆறிடுச்சு. ஆறாதது வேற ஒண்ணு கெடக்கு. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். வரலையா? சரி.

ஏழு வருசம் தம்பி. ஏழு வருசமா காலைல ஒம்பது மணிக்கு நான் போய்க் கை வைக்காம அந்த பிரஸ்ல ஒரு ஆர்டர் உள்ள ஏறினது கிடையாது. எங்க தொழில் எப்படின்னா, ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போடுவோம். அடுத்த வருசத்துப் படம் பூரா அதுல நம்பரோட இருக்கும். ஏஜென்டுக அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போவாங்க. கடைக்காரரு படத்தைப் பாத்து நம்பரைச் சொல்வாரு. அந்த நம்பர், கடைப் பேரு, அடியில என்ன வாசகம் போடணும், எத்தனை காலண்டர், எல்லாம் டேட்டாபேஸ்ல ஏறணும். ஏத்தறதுக்கு அஞ்சு மெஷின், அஞ்சு பொம்பளைப் பிள்ளைக. சீசனுக்கு மட்டும் வருவாங்க. மார்கழியில அனுப்பிடுவோம், அடுத்த ஆடியில கூப்பிடுவோம்.

இந்த டேட்டாபேஸ் புரோகிராம் இருக்கே, அதைச் சும்மா போட்டா திறக்காது. டேட்டாபேஸ் எந்தப் போல்டர்ல இருக்கு, சர்வர் பேரு என்ன, எங்க போய்த் தேடணும்னு மூணு வரி மெஷினுக்குச் சொல்லி வைக்கணும். என்விரான்மென்ட் வேரியபிள்னு பேரு. உங்களுக்குத் தெரியுமா? தெரியும்னா நல்லதாப் போச்சு. மதுரையிலிருந்து எஞ்சினியர் வந்தாரு, பாதி வேலையில அவருக்கு வேற சோலி வந்துடுச்சு, மிச்சத்தைப் போன்ல சொன்னாரு, நான் அடிச்சேன். ஒரு ஜன்னல் திறந்துச்சு. அதுல மேல ஒரு பெட்டி, கீழ ஒரு பெட்டி. மேல் பெட்டிக்குத் தலைப்புலயே கனகவேல்னு என் பேரு போட்டிருந்துச்சு. பேரு போட்ட பெட்டிய விட்டுட்டு எவனாச்சும் கீழ் பெட்டிக்குப் போவானா? மூணு வரியையும் மேலயே அடிச்சேன். அஞ்சு மெஷின்லயும் அதே மாதிரி. ஜம்முனு திறந்துச்சு.

பிள்ளைக ஒவ்வொருத்திக்கும் தனித்தனிப் பேரு, தனித்தனி பாஸ்வேர்டு எஞ்சினியர் போட்டுத்தான் குடுத்திருந்தாரு. ஆனா அதுல உள்ள போனா டேட்டாபேஸ் கிடைக்கலைன்னு வரும். என் பேர்ல போனாத்தான் திறக்கும். மொதலாளி கேட்டாரு, ஏன்யா அப்படின்னு. பாதுகாப்புங்கய்யா, அட்மின் ஆளு கைபட்டாத்தான் திறக்கும்னேன். அவருக்கு ரொம்ப சந்தோசம்.

அதனால தினம் காலைல ஒரு ரவுண்டு. ஒண்ணாம் நம்பர் மெஷின், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒவ்வொண்ணுலயும் என் பேரு, என் பாஸ்வேர்டு. பதினாலு எழுத்து. நான் அடிக்கும்போது பிள்ளைக அங்கிட்டுத் திரும்பி நிக்கும். நான் சொன்னதுதான், ஆனா போகப்போகச் சொல்லவே வேண்டியதில்ல. நான் உள்ள நுழைஞ்சாலே அஞ்சு பேரும் சுவரைப் பாத்துத் திரும்பிக்குவாங்க. அவ்வளவு மரியாதை.

பத்து நிமிசம் சும்மா விட்டா மெஷின் பூட்டிக்கும். டீ குடிச்சிட்டு வந்தா, "அண்ணாச்சி." சாப்பிட்டு வந்தா, "அண்ணாச்சி." நான் பாத்ரூம்ல இருந்தாக்கூட வெளிய ஒருத்தி நின்னு, "அண்ணாச்சி, ரெண்டாம் நம்பர்." என் மச்சினன் கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துக்கு போன் வருது. பைக்க எடுத்துக்கிட்டுப் போய்த் திறந்து விட்டுட்டு, பந்திக்கு வந்துட்டேன். எங்க வீட்ல சொன்னா, "கம்பெனியே உங்க தலைமேலதான் நிக்குது, இறக்கி வச்சிராதீங்க"ன்னு. வெளிய காட்டிக்க மாட்டா, உள்ளுக்குள்ள பெருமை அவளுக்கு.

இப்ப மாரீஸ்வரிக்கு வாரேன். மூணாம் நம்பர் மெஷின். வந்து ரெண்டு சீசன் ஆச்சு. பி.எஸ்சி கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை. வீட்டுக்காரர் ஒரு ஃபாயில் கம்பெனியில லோடு ஏத்துறாரு, ரெண்டாங் கிளாஸ் படிக்கிற மகள் இருக்கு. கை வேகம்னா அப்படி வேகம். இந்த வருசம் மொதலாளி ஒரு பேச்சு விட்டிருந்தாரு. சீசன் முடிஞ்சதும் அஞ்சு பேர்ல ஒருத்திய நிரந்தரமா எடுக்கப் போறேன், வருசம் பூரா வேலை, ஆடி எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு. எல்லாருக்கும் தெரியும், அது மாரீஸ்வரிக்குத்தான். நானே ரெண்டு வார்த்தை நல்லவிதமாச் சொல்லியிருந்தேன்.

ஆனா ஒரு கொறை அந்தப் பிள்ளைகிட்ட. கேள்வி கேக்கும். "அண்ணாச்சி, எங்க பேர்லயே திறக்கற மாதிரி வைக்க முடியாதா?" முடியாதும்மா, அது அட்மின் வேலைன்னேன். "இல்லண்ணாச்சி, இப்ப யாரு எதை அடிச்சாலும் உங்க பேருதானே விழுது." ஆமா, விழட்டுமே, எல்லாப் பொறுப்பும் எனக்குன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

ஒருநாள் மத்தியானம் அவ சாப்பிட்டு வாரா, நான் அவ சீட்டுல உக்காந்து ஏதோ அடிச்சு முடிச்சிருந்தேன். அந்த மூணாம் நம்பர் சீட்டுக்கு மேலதான் ஃபேன் நல்லாச் சுத்தும். நல்ல மனநிலையில இருந்தேன். அடிக்கடி கேக்குதே பிள்ளைன்னு, இங்க வாம்மா, இதுதான் அண்ணாச்சி பாக்குற வேலை, பாத்துக்கோன்னு அந்த ஜன்னலைத் திறந்து காட்டினேன். மேல் பெட்டி, மூணு வரி, தலைப்புல என் பேரு. அவ சுத்திமுத்தி பேப்பரைத் தேடுறா. கிடைக்கல. டக்குனு சுவத்துல இருந்த காலண்டர்ல தாளைக் கிழிச்சுப் பின்பக்கத்துல எழுதிக்கிட்டா. நான்கூட ஏசினேன், இன்னைக்குத் தாளை இன்னைக்கே கிழிக்கிறியே, பொழுது அடையலையேன்னு. எங்க பிரஸ்ல அப்படிக் கிழிக்க மாட்டோம் தம்பி. அச்சடிக்கிறவன் கையாலயே நாளைக் கொறைக்கக் கூடாதுன்னு பழைய மொதலாளி காலத்துலேர்ந்து ஒரு வழக்கம். சரி, நம்ம வேலையைப் பிரமிச்சுப் போய் எழுதிக்கிறா, எழுதட்டும்னு விட்டுட்டேன்.

அப்புறந்தான் அந்தச் சவப்பெட்டி விவகாரம் வந்துச்சு.

தூத்துக்குடியில ஒரு சவப்பெட்டிக் கடைக்காரரு. வருசா வருசம் ஆயிரத்தைந்நூறு காலண்டர் வாங்குவாரு. கேட்டது நானூத்திப் பதினெட்டு, கடல்ல சூரியன் மறையிற படம். அடக்கமான படம். போனது நானூத்தி எண்பத்தொண்ணு. ஒரு கூடைக்குள்ள ரெண்டு கைக்குழந்தைக சிரிச்சுக்கிட்டிருக்கு. அடியில கடைப் பேரு, அதுக்குக் கீழ அவரு வழக்கமாப் போடுற வாசகம், "எல்லா அளவுகளிலும் கிடைக்கும்."

சிரிக்காதீங்க தம்பி. நானும் சிரிச்சேன், மொதலாளி இல்லாத எடத்துல. அந்த மனுசன் ஒரு வேனைப் பிடிச்சுக்கிட்டுப் பூராக் காலண்டரையும் ஏத்திக் கொண்டாந்து ஆபீஸ் வாசல்ல இறக்கிட்டாரு. ஊர்ல ஒருத்தரு மூஞ்சியிலயும் முழிக்க முடியலன்னு அழுதாரு. வேற அடிச்சுக் குடுத்தோம், அது ஒரு பக்கம். மொதலாளிக்கு மானம் போச்சு. "யாருய்யா அடிச்சது? பாத்துச் சொல்லு"ன்னாரு.

பாத்தேன். செப்டம்பர் ஒம்பது, மத்தியானம் ஒண்ணு இருபது, மூணாம் நம்பர் மெஷின். ஆளு பேரு கனகவேல். பேரை விடுங்க, எல்லாத்துலயும் அந்தப் பேருதான் வரும், அதை வச்சு என்ன தெரியும்? மூணாம் நம்பர் மெஷின்னா மாரீஸ்வரி. இதுல நான் யோசிக்க என்ன இருக்கு? உள்ளதைச் சொன்னேன்.

கூப்பிட்டு விசாரிச்சாரு. "அந்த நேரம் நான் சாப்பிடப் போயிருந்தேங்கய்யா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு என்னைப் பாத்தா. பாவம், பயந்துபோய்ப் பாக்குறா, நம்ம ஏதாச்சும் பரிஞ்சு பேசுவோம்னு எதிர்பாக்குறான்னு நினைச்சேன். நான் என்னத்தைப் பேச? மொதலாளி சொல்லிட்டாரு, இந்த சீசன் முடிஞ்சதும் கணக்கை முடிச்சுக்கோ, அடுத்த ஆடிக்கு வர வேண்டாம்னு. நிரந்தரமும் போச்சு, சீசன் வேலையும் போச்சு. போய் மூணாம் நம்பர்ல உக்காந்து அன்னைக்குள்ள ஆர்டரை ஒண்ணு பாக்கியில்லாம அடிச்சு முடிச்சிட்டுத்தான் போனா. அந்த வகையில நல்ல பிள்ளை.

இதுக்கு நடுவுல எனக்கு ஹெர்னியா. உடனே ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஐப்பசி மாசம், ஆர்டர் கொட்டுற நேரம். எப்படிப் போறது? பாஸ்வேர்டைக் குடுன்னாரு மொதலாளி. அய்யா, அது மட்டும் கேக்காதீங்க, அது வெளிய போனா எல்லாம் போச்சுன்னேன். நான் ஒரு வழி பண்ணேன். கிளம்புற அன்னைக்கு அஞ்சு மெஷினையும் என் பேர்ல திறந்து விட்டுட்டு, தாயிகளா, யாரும் ஆஃப் பண்ணக் கூடாது. பத்து நிமிசம் விட்டாப் பூட்டிக்கும், அதனால யாராச்சும் ஒருத்தர் மவுஸை ஆட்டிக்கிட்டே இருக்கணும். டீக்குப் போனாலும் சரி, சோத்துக்குப் போனாலும் சரி, மாத்தி மாத்தி ஆட்டுங்கன்னு சொன்னேன். ராத்திரிக்கு வாட்ச்மேனை ஆட்டச் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் ஓடிச்சு. ரெண்டாம் நாள் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் போய், அஞ்சும் அணைஞ்சு போச்சு. நான் அந்த நேரம் தியேட்டர் உள்ள. மயக்க மருந்து குடுத்துக் கிடத்தியிருக்காங்க. மொதலாளி நாலு தடவை போன் அடிச்சிருக்காரு. எங்க வீட்ல எடுத்து, "அவுக இன்னும் கண்ணு முழிக்கல, முழிச்சதும் முதல்ல உங்களைத்தான் கேப்பாக"ன்னு சொல்லியிருக்கா.

முழிச்சேன். கேட்டேன். போன் வரல. மறுநாளும் வரல. அதுக்கு மறுநாளும் வரல. எனக்கு வயித்துல தையல் வலிக்கல தம்பி, அதுதான் வலிச்சுது. போன் ரிப்பேரோன்னு நினைச்சு, எங்க வீட்ல இருக்கவளை வராந்தாவுக்குப் போய் அங்கேர்ந்து எனக்கு அடிக்கச் சொன்னேன். அடிச்சுச்சு. எடுத்து, எத்தனாம் நம்பர் மெஷின்னேன். "நான்தாங்க"ன்னா.

பதினொரு நாள். ஒரு போன் கிடையாது.

பன்னெண்டாம் நாள் நேரா பிரஸ்ஸுக்குப் போறேன். அஞ்சு மெஷினும் ஓடுது. ஒருத்தியும் சுவரைப் பாத்துத் திரும்பல. டீக்கு எந்திரிச்சுப் போறாளுக, வாராளுக, அவளவ பேரை அடிச்சு அவளவ உள்ள போறா. "உடம்பு எப்படி இருக்கு அண்ணாச்சி?"ங்கறா மாரீஸ்வரி.  நான் அவ மெஷினைத்தான் பாத்தேன்.

என்ன பண்ணியிருக்கான்னா, அந்தத் தாளை வச்சுக்கிட்டு அவ பேர்லயே உள்ள போயிருக்கா. அந்த ஜன்னலைத் திறந்திருக்கா. கீழ் பெட்டி மெஷின்ல உக்கார்ற எல்லாருக்கும் பொதுவாம், ஆனா அதுல கை வைக்க விடாது, அது அட்மினுக்கு. மேல் பெட்டி யாரு உள்ள போறாங்களோ அவங்களுக்கு மட்டுமாம், அது அவளுக்கு விட்டிருக்கு. தலைப்புல மாரீஸ்வரின்னு போட்டிருந்துச்சாம். அதுல மூணு வரியை அடிச்சிருக்கா, வெளிய வந்து திரும்ப உள்ள போயிருக்கா, திறந்துடுச்சு. அப்புறம் மத்த நாலு பேரையும் அவங்கவங்க பேர்ல உக்கார வச்சு அடிக்க வச்சிருக்கா. முக்கா மணி நேர வேலை. வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு சொன்ன எடத்துக்கு எதுக்கு இந்த அக்கறை, நீங்களே சொல்லுங்க.

விடுவேனா. மொதலாளிகிட்டப் போனேன். அய்யா, பாதுகாப்பு பூராப் போச்சுன்னேன். "உன் பாஸ்வேர்டைத் திருடினாளா?" இல்லீங்கய்யா. "அட்மினுக்குள்ள போனாளா?" இல்லீங்கய்யா. "பெறகு எதைய்யா உடைச்சா? அவளவ பேர்ல அவளவ வேலை பாக்குறா. இதை நீ ஏழு வருசம் முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதா?"  அது எப்படி தம்பி, அட்மின் இல்லாத ஆளுக்கு அப்படி ஒரு வழியைக் கம்ப்யூட்டர் செஞ்சவன் வச்சிருக்கலாம்? வச்சவனைச் சொல்லணும்.

அதுக்கு மேல ஒரு குத்து. சாயங்காலம் மாரீஸ்வரி அந்தத் தாளைக் கொண்டாந்து என் மேசையில வச்சா. "இது உங்க தாள்தான் அண்ணாச்சி. நீங்களே வச்சுக்கோங்க, நிதானமாப் பாருங்க"ன்னா. எனக்கு, நான் சொல்லிக் குடுத்ததை எனக்கே படிச்சுப் பாருங்கறா. எவ்வளவு திமிரு பாத்தீங்களா? திங்கக்கிழமை மொதலாளி அந்த நிரந்தர வேலையை வேற பிள்ளைக்கு எழுதிக் குடுக்கப் போறாரு. அன்னைக்கு இந்தத் தாளை முன்னால போட்டு, அய்யா, இவ ரொம்ப நாளாத் திட்டம் போட்டுத்தான் இருந்திருக்கான்னு சொல்லலாம்னு பர்ஸ்லயே வச்சிருக்கேன். இந்தாங்க, பாருங்க. அவ கையெழுத்து. மூணு வரியும் ஒரு எழுத்து பிசகாம எழுதியிருக்கா.

என்ன திருப்பிப் பாக்குறீங்க? அங்கிட்டு ஒண்ணும் இல்ல தம்பி, வெறும் தேதிதான். நாங்க யாரும் அந்தப் பக்கத்தைப் பாக்கவே மாட்டோம். வருசம் பூரா லட்சக்கணக்குல அதைத்தானே அடிக்கிறோம், எங்க கண்ணுக்கு அது வெறுந்தாள்.

என்னது?

செப்டம்பர் ஒம்பதா? இங்க குடுங்க. கண்ணாடிய எடுத்துக்கிறேன், இருங்க.

ஒம்பது. செவ்வாய்க்கிழமை. ஆவணி இருபத்தி நாலு.

அன்னைக்குத் தாளை அன்னைக்கேதான் கிழிச்சா. நான்தானே ஏசினேன். மத்தியானம். அவ சாப்பிட்டு வந்தா. நான் அவ சீட்டுல உக்காந்து என்னத்தையோ அடிச்சு முடிச்சிருந்தேன்னு சொன்னேன்ல? அது ஒரு ஏஜென்ட் போன்ல சொன்ன ஆர்டரு தம்பி. பிள்ளைக யாரும் இல்ல, மூணாம் நம்பர் என் பேர்ல திறந்து கெடந்துச்சு, நானே போட்டுடறேன்னு அவருகிட்டச் சொல்லிட்டு அடிச்சேன். தூத்துக்குடி ஏஜென்ட்தான். இப்பத்தான் ஞாபகம் வருது. ஒரு கையில போன், ஒரு கையில அடிக்கிறேன். நானூத்திப் பதினெட்டுன்னுதான் அவரு சொல்லியிருப்பாரு.

கொஞ்சம் தண்ணி இருக்கா?

என் ராசிக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க அதுல. சிம்மம். மறதியா? சரியாத்தான் போட்டிருக்கான்.

அவளுக்கு அன்னைக்கே தெரியும். சாப்பிட்டு வந்தவ நான் உக்காந்திருந்ததைப் பாத்தவதானே. மொதலாளி கேட்டப்ப, அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தேன்னு மட்டும் சொல்லிட்டு என்னைப் பாத்தாளே, அது பயம் இல்ல. நான் சொல்லுவேன்னு பாத்திருக்கா. அண்ணாச்சி வாயைத் திறந்து நான்தான் உக்காந்திருந்தேன்னு சொல்லுவாருன்னு நின்னிருக்கா. நான் மூணாம் நம்பர் மெஷின், மூணாம் நம்பர் மெஷின்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பெறகு பதினொரு நாள் கழிச்சு வந்து நிக்கிறேன், உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறா. நிதானமாப் பாருங்கன்னு தாளைக் குடுக்குறா. அப்பயும் பிறத்தியாள் முன்னால சொல்லல. எனக்கு அசிங்கமா இருக்கு தம்பி. இந்த வயசுல ஒரு பிள்ளை சோத்துல கை வச்சுட்டு, பர்ஸ்ல ஆதாரம் வச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.

அந்தச் சீட்டுல அத்தனை ஆயிரம் ஆர்டர் என் பேர்ல கெடக்கு. ஒண்ணுகூட நான் அடிச்சதில்ல. நான் அடிச்சது இந்த ஒண்ணுதான். அதை மட்டும் அவ பேர்ல எழுதி வச்சிருக்கேன்.

திருமங்கலம் வந்துடுச்சா? மதுரைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்குல்ல. தம்பி, ஒரு உதவி. அந்த லேப்டாப்பைத் திறப்பீங்களா? நெட் இருக்கா அதுல? எங்க மொதலாளிக்கு ஒரு மெயில் போடணும். திங்கக்கிழமைக்கு முன்னாடி அவருக்குப் போயிடணும். போன்ல சொன்னா நான் சுத்தி வளைச்சுத்தான் பேசுவேன், என்னை எனக்குத் தெரியும்.

சொல்றேன், நீங்க அடிங்க. "மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு." செப்டம்பர் ஒம்பது, மத்தியானம் ஒண்ணு இருபது, மூணாம் நம்பர் மெஷின், தூத்துக்குடி ஆர்டர். "அதை அடித்தது மாரீஸ்வரி இல்லை." சும்மா அப்படியே போடுங்க, அலங்காரம் வேண்டாம். "நான் அடித்தேன். அவர் அப்போது சாப்பிடப் போயிருந்தார். நிரந்தர வேலை அவருக்கே சேர வேண்டியது." இல்ல, பாதுகாப்பைப் பத்தி ஒண்ணும் வேண்டாம். அதை அடிச்சுட்டீங்களா? எடுத்துருங்க.

இப்ப இங்கிட்டுத் தள்ளுங்க. கீழ பேரை நானே அடிக்கிறேன். க, ன, க...

நீங்க எதுக்கு ஜன்னல் பக்கம் திரும்புறீங்க? திரும்ப வேண்டாம் தம்பி. பாருங்க.